மருதாயித் தும்பை

உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்பது வேப்பமரம் இல்லை, மேடம், மலைவேம்பு. காலையில் ஏட்டு அய்யப்பன் அதில் ஒரு குச்சியை ஒடித்துப் பல் விளக்கிக்கொண்டு, கசப்பே இல்லையே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, ஒரு கொலை செய்திருக்கிறேன், யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டதால்தான் நீங்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, அம்மா நம்பரைக் கேட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. சந்தோஷமாக வந்து கொலையைச் சொல்கிறவளை யார்தான் நம்புவார்கள்.

வெள்ளைத்தாளைக் கொடுத்து, யார் எவர் என்று புரியும்படி கோர்வையாக எழுது என்றீர்கள். போலீசிடம் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் நிற்காது, மாஜிஸ்ட்ரேட் முன்னால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொன்னீர்கள். எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் சொல்கிறேன். எவ்வளவு பெரிய ஆட்கள் கேட்கிறார்களோ அவ்வளவுக்கு நல்லது.

என் பெயர் பிரகதாம்பாள். வீடு திருக்கோகர்ணத்தில், கோயிலுக்குப் பின்தெரு. அப்பா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக், அம்மா வீட்டில். நான் எம்.எஸ்ஸி. தாவரவியல் கடைசி வருடம். தாவரப் பல்லுயிரும் வகைப்பாட்டியலும் என் சிறப்புப் பாடம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். செடியைப் பார்த்து இது இன்னது, இன்னாருக்குச் சொந்தக்காரன், இதற்கு முன்னால் யாராவது இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்களா என்று சொல்லும் படிப்பு. கல்யாணத் தரகர் வேலை மாதிரிதான், ஜாதகத்துக்குப் பதில் இலை.

எங்கள் வகுப்பில் ரம்யா மட்டும் மூன்று பேர், சத்யா இரண்டு பேர். அட்டெண்டன்ஸ் எடுப்பவர்கள் அவர்களையெல்லாம் கடகடவென்று தாண்டி என் பெயரில் வந்து மூச்சு வாங்குவார்கள். எங்கள் கோயில் அம்மனுக்கு நேர்ந்து பிறந்த பிள்ளை என்று அம்மன் பெயரையே வைத்துவிட்டார்கள். சின்ன வயதில் அதற்காக எவ்வளவு அழுதிருக்கிறேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் அந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன். வழக்குக்கு அது முக்கியம்.

மருதாயி என் தோழி. குடுமியான்மலைக்குப் பக்கத்தில் அவள் ஊர். கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி. பெயரைக் கேட்டால் கூசாமல் பளிச்சென்று சொல்வாள். சிரித்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். கையில் கிடைத்ததையெல்லாம் தின்பாள். எங்கள் பேராசிரியர் செபமாலை சார், செடியைக் கண்ணால் பார், மூக்கால் பார், தெரிந்த செடியென்றால் நாக்கு நுனியாலும் பார்த்துவிட்டுத் துப்பிவிடு என்று சொல்லிக்கொடுத்திருந்தார். மருதாயி துப்பமாட்டாள். முழுங்கிவிட்டு, "நல்லாத்தான்டி இருக்கு" என்பாள்.

சாருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. பூ இல்லையென்றால் பெயர் இல்லை. இலையையும் வேரையும் கிழங்கையும் மட்டும் வைத்துக்கொண்டு எந்தச் செடிக்கும் பெயர் சொல்லக் கூடாது. பூவைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால், அதன் பிறகு அவர் சொல்லை நம்பலாம். எங்கள் தொழிலே அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

அந்த இரண்டு வருடம் எவ்வளவு ஆனந்தம் தெரியுமா மேடம். டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, கழுத்தில் லென்ஸை மாட்டிக்கொண்டு, முதுகில் செடிகளை அமுக்கிக் காயவைக்கும் பழைய பேப்பர் மூட்டையோடு இந்த மாவட்டம் முழுக்கச் சுற்றினோம். கட்டுமாவடிக்குப் போய் உப்புச் சேற்றில் இறங்கி, இரண்டு பேரும் செருப்பைப் பறிகொடுத்துவிட்டு, உமரிக் கீரையைக் கை நிறையப் பிடுங்கிக்கொண்டு வெறுங்காலோடு கரை ஏறினோம். மீன் ஏலத்துக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "கடலுக்கு வந்து களை புடுங்குதுக பாரு" என்று ஒரு அக்கா சொன்னதை மருதாயி ஊர் வந்து சேரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் வயிறு புண்ணாகிவிட்டது. அவளோடு இருந்தால் அப்படித்தான்.

ஐப்பசி மழை விட்டபிறகு ஒரு அய்யனார் காட்டுக்குப் போனோம். ஊர்ப் பெயர் தேவையென்றால் பிறகு சொல்கிறேன். அங்கே செருப்புப் போடக் கூடாது, ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது. அதனாலேயே அந்தக் காடு அப்படியே இருக்கிறது. பூசாரி சேவுகன் எங்கள் நெற்றியில் விபூதியைப் பூசி, "சாமிகிட்ட சொல்லிட்டேன், ஒரு கைப்பிடிக்கு மேல எடுக்காதீங்க தாயி" என்று அனுமதி கொடுத்தார். உள்ளே போய்க் கொஞ்சதூரத்தில் என் காலில் முள் குத்தியது. எடுக்கலாம் என்று குனிந்தேன். கண்ணுக்கு நேராக ஒரு தும்பைச்செடி.

தும்பையைத் தெரியாதவர்கள் யார். பல்லுக்கும் வேட்டிக்கும் உவமை சொல்லும் வெள்ளைப்பூ. இது வெள்ளையில்லை. நீர்விட்ட மையின் நிறத்தில், ஊதாவா இல்லையா என்று தயங்குகிற ஊதா. தண்டைத் தடவினால் சொரசொரப்பில்லை, வழவழ. பூவைத் தாங்குகிற பச்சைக் கிண்ணத்தின் வாய் சாதாரணத் தும்பையில் ஒருபக்கம் சாய்ந்திருக்கும், இதில் சமமாக இருந்தது. ஒரு வித்தியாசம் இருந்தால் தள்ளிவிடலாம். மூன்று இருந்தால் தள்ள முடியாது. "ஏ மருதாயி, இங்கிட்டு வாடி" என்று கூப்பிட்ட குரல் எனக்கே என் குரலாகத் தெரியவில்லை. அவள் பார்த்தாள், லென்ஸ் வைத்துப் பார்த்தாள், அப்புறம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாமி காடு என்றும் பார்க்காமல் குதித்தாள்.

செபமாலை சார் ஒருநாள் முழுக்க அதை வைத்துப் பார்த்தார். கடைசியில் லென்ஸைக் கழற்றிவைத்துவிட்டு, டிபார்ட்மெண்ட் முழுக்க டீ வாங்கி வரச்சொன்னார். அவர் கஞ்சத்தனம் ஊரறிந்தது. டீயைப் பார்த்ததும்தான் எல்லோருக்கும் புரிந்தது, உலகத்தில் யாரும் பெயர் வைக்காத ஒரு செடி எங்கள் கையில் இருக்கிறது என்று.

இப்போது எங்கள் தொழிலில் இருக்கும் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். புதுச் செடிக்கு யார் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாம். ஊர்ப் பெயர், ஆசிரியர் பெயர், நண்பர் பெயர். ஆனால் அந்தச் செடியை அறிவித்துக் கட்டுரை எழுதுகிறவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளமாட்டார். சட்டத்தில் தடை கிடையாது. வெட்கம்தான் தடை. தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிக்கொள்வது மாதிரி. அடுத்தவர் வைத்தால் மட்டுமே மரியாதை.

அதனால் நானே ஒரு யோசனை சொன்னேன். கட்டுரையிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்றேன். சாரும் மருதாயியும் மட்டும் ஆசிரியர்களாக இருக்கட்டும், செடிக்கு என் பெயர் வையுங்கள். சார் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். ஆசிரியராக இருந்தால் வேலைக்கு உதவும், மார்க்குக்கு உதவும், பெயர் எதற்கும் உதவாதேம்மா என்றார். மருதாயி குறுக்கே வந்து, "சார், கண்டுபுடிச்சவ அவ. நான் வைக்கிறேன் சார் அவளுக்கு" என்றாள். அப்படி வந்தது அந்தப் பெயர். லூகஸ் பிரகதாம்பாளே. லூகஸ் என்பது தும்பை இனத்தின் பெயர். பெண்ணின் பெயரென்றால் லத்தீனில் அப்படி முடிப்பார்கள். அம்மனைச் சந்நிதியில் நின்று கூப்பிடுவது மாதிரியே இருந்தது எனக்கு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பல வருடம் அழுதுகொண்டு சுமந்த பெயர், இனிமேல் யாரும் அதைச் சுருக்க முடியாது, கேலி செய்ய முடியாது. பாரீஸிலோ லண்டனிலோ எவனாவது அதை மூச்சு வாங்காமல் உச்சரிக்கப் பழகியாக வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். அம்மா தெருவிடம் சொன்னாள். அப்பா மஸ்கட்டில் ரூமில் இருந்தவர்களுக்கெல்லாம் அல்வா வாங்கிக்கொடுத்து வீடியோ கால் போட்டார். குருக்கள் அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது, "அம்பாள் பேரு லத்தீன்ல போறதாமே" என்று எனக்கு ஒரு முழம் பூ கூடுதலாகக் கொடுத்தார். ஒரு மாதம் என் கால் தரையில் பாவவே இல்லை மேடம். பஸ் ஸ்டாண்டில் வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் தலைசுற்றும் என்பது சும்மா பேச்சில்லை, நிஜமாகவே சுற்றும்.

மார்கழியில் மருதாயி ஒருநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே வாயெல்லாம் பல்லாக இறங்கினாள்.

"ஏ பிரகதா, கூத்தக் கேட்டியா. எங்க ஊரு கம்மாக்கரையில, மலைக்குப் பின்னாடி, ஒரே எடத்துல எல்லாம் நிக்கிதுடி. வெள்ளை இருக்கு, ஊதா இருக்கு, ரெண்டுங்கெட்டானும் இருக்கு. சொரசொரப்பு, வழவழப்பு, பாதிப் பாதி. ஒரே செடியில ஒரு பூவுக்கு வாய் கோணல், இன்னொண்ணுக்கு நேரு. நம்ம புதுச்செடி புதுசே இல்லடி. வெறும் தும்பை."

அவளுக்கு அது எவ்வளவு பெரிய வேடிக்கை. விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லவேளை, கட்டுரை வாரதுக்குள்ள தெரிஞ்சுச்சு. இல்லன்னா ஊரே சிரிக்கும். வா, சார்கிட்டச் சொல்லுவோம்."

நானும் சிரித்தேன். எங்கள் படிப்பில் இதைவிட நேர்மையான காரியம் கிடையாது. இரண்டு செடிக்கும் நடுவில் படிப்படியாக இப்படி இரண்டுங்கெட்டான் ஆட்கள் நின்றால், இரண்டும் ஒன்று. பழைய பெயர் நிற்கும், புதுப் பெயர் குப்பைக்குப் போகும். அவள் செய்தது சரி என்று அன்றைக்கும் எனக்குத் தெரியும். நான் ஒருவேளை உணர்ச்சிவசப்பட்டேனோ என்று கேட்டீர்களே, இல்லை. எனக்கும் ஒருமுறை காட்டு, அதுவரை சாரிடம் சொல்லாதே என்று மட்டும் கேட்டேன். தோழியல்லவா, சரி என்றாள். அன்று மத்தியானமே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். சாருக்குக் காட்ட அங்கங்கே கொஞ்சம் பறித்து என் கையில் கொடுத்து, "ஒனக்குத்தான்டி அழகா அமுக்க வரும். நீயே பேப்பர்ல வச்சிரு" என்றாள்.

மறுநாள் நான் தனியாகப் போனேன். வெயில் இதமாக இருந்தது. கோயில் பக்கம் இசைக் கல்வெட்டைப் பார்க்க வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கம் கண்மாய்க்கரையில் குனிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தும்பையைப் பிடுங்கினேன். ஆடு ஓட்டிவந்த ஒருவர், "இது நூறுநாள் வேலையா புள்ள? மத்தவுங்கள்லாம் எங்க?" என்று கேட்டார். மத்தவங்க டீ குடிக்கப் போயிருக்காங்க என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஈரமண்ணில் வேரோடு சுலபமாக வந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. ஒரு செடிகூட மிச்சம் வைக்கவில்லை. பிடுங்கியதை எரித்திருக்க வேண்டும். ஆனால் எங்களுக்கு மனசு வராது மேடம். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் இலை மடங்காமல் பரப்பி, பேப்பர் மாற்றி மாற்றிக் காயவைத்து, இடமும் தேதியும் என் பெயரும் எழுதி ஒழுங்காக லேபிள் ஒட்டினேன். பொய் லேபிள் எழுத எனக்குக் கை வராது.

கரை சுத்தமாகிவிட்டது. ஆனால் பார்த்தவள் ஒருத்தி இருந்தாள்.

அவளிடம் பேசிப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பேசினால் அவள் கேட்டிருப்பாள், அதுதான் கஷ்டம். எனக்காகப் பாவப்பட்டு வாயை மூடிக்கொண்டிருப்பாள். பிறகு காலம் முழுக்க என் செடியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தில் அந்தப் பாவம் தெரியும். என் பெயர் அவள் போட்ட பிச்சையாக இருக்கும். அது எனக்குச் சரிப்படவில்லை.

நம் பக்கத்துக் காட்டில் இரண்டு கொடிகள் உண்டு. ஒன்றின் கிழங்கைத் தின்னலாம், இன்னொன்றைத் தின்னக் கூடாது. கொடியில் பூவைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். தோலுரித்து வேகவைத்து டப்பாவில் போட்டுவிட்டால் சாருக்குக்கூடத் தெரியாது. இரண்டாவதன் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தத் தாள் எத்தனை பேர் கைக்குப் போகுமோ, படித்துவிட்டு யாராவது கெட்ட காரியம் செய்துவிடுவார்கள். வீட்டில் அம்மா தொடாமல் பார்த்துக்கொண்டேன். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு, மருதாயிக்குப் பிடிக்கிற பக்குவத்தில் பிரட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

காலேஜ் கேண்டீனுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். டப்பாவைத் திறந்ததும் அவள் கண் விரிந்தது.

"என்ன கெழங்குடி இது?"

"வள்ளி. நம்ம அய்யனார் காட்டுக்கு வெளிய எடுத்தேன்."

ஒன்றை எடுத்தவள் வாய்க்குக் கொண்டுபோகும் முன்னால் நிறுத்தினாள். என்ன இருந்தாலும் எங்கள் சாரின் மாணவி. "பூ பாத்தியா?"

"பாத்தேன்."

அவ்வளவுதான் மேடம். அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பூ பார்த்தேன் என்று சொன்னால் அது பூ பார்த்ததுதான். எனக்கும் ஒரு துண்டை நீட்டினாள். மார்கழி வெள்ளி, விரதம் என்றேன். "சாமி பேர வச்சுக்கிட்டு ஒனக்கு வேற விரதமா" என்று கேலி செய்துகொண்டே டப்பாவை வழித்துத் தின்றாள். நல்ல ருசி என்றாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, சமையலில் யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

அவளைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது சாப்பாட்டுக் கோளாறு என்றார்கள். என்ன தின்றாள் என்று கேட்டதற்கு அவள் அம்மாவுக்கு, சின்னப்பிள்ளை என்று அந்த அம்மாவின் பெயர், எதைச் சொல்வது, எதை விடுவது என்றே தெரியவில்லை. முந்தின நாள் புரோட்டா, காலையில் கோயில் பொங்கல், வழியில் இலந்தைப்பழம், அப்புறம் எந்த வேலியில் எதைக் கிள்ளித் தின்றாளோ. வாயைக் கட்டாத பிள்ளை என்று அந்த அம்மாவே தலையில் அடித்துக்கொண்டது. நான் பக்கத்திலேயே இருந்தேன். இளநீர் வாங்கிக் கொடுத்தேன், துணி அலசினேன், சின்னப்பிள்ளை அம்மாவை வற்புறுத்திச் சாப்பிடவைத்தேன். எனக்கு அவளைப் பிடிக்கும் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார்கிட்டச் சொல்லிட்டியாடி?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு? வைதாரா?"

"இல்லடி. சிரிச்சாரு."

அவளும் சிரித்தாள். "ஒனக்கு வேற நல்லதா ஒரு செடி தேடுவோம். நான் வச்சுத் தாரேன்" என்றாள். பொழுது விடிவதற்குள் போய்விட்டாள். நான் அழுதேன். நடிப்பில்லை. இப்போது எழுதும்போதுகூடக் கண் கலங்குகிறது, பாருங்கள், எழுத்து கலைந்திருக்கிறது.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு செபமாலை சார் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். மனிதர் இளைத்துப்போயிருந்தார். கட்டுரையை மேசையில் வைத்துக்கொண்டு, "பிரகதா, நீ தப்பா நெனைக்க மாட்டேன்னு தெரியும்" என்று ஆரம்பித்தார். அந்தப் பேச்சு எங்கே போகிறது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் அகாலமாகப் போனவர்கள் பெயரைச் செடிக்கு வைப்பது பழைய மரியாதை. நான் எத்தனையோ பெயர்களுக்குக் கதை படித்தவள், அது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது என்று இன்றுவரை ஆச்சரியமாக இருக்கிறது.

"செடிக்கு மருதாயி பேரை வச்சிருவோம்மா. தன் பேரைத் தானே வச்ச மாதிரி ஆயிரக் கூடாதுல்ல, அதனால ஆசிரியர்ல அவளுக்குப் பதிலா உன்னைப் போட்டுட்டேன். நீயும் நானும்."

மாட்டேன் என்று எந்தத் தோழி சொல்வாள். சரி சார் என்றேன். பெயர்க்காரணம் எழுதும் பத்தியை நானே எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டார். எழுதினேன். அவளைப்போல் யாரும் அவ்வளவு நேர்மையாகச் செடியைப் பார்த்ததில்லை என்று எழுதினேன். படித்துவிட்டு சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். லூகஸ் மருதாயியே. அதன் பின்னால், பெயர் வைத்தவர்களாக, செபமாலை, பிரகதாம்பாள்.

கட்டுரை வந்தபோது காலேஜ் வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மருதாயி போட்டோ ஒருபக்கம், என் தும்பை ஒருபக்கம். பேப்பர்காரர்கள் மருதாயித் தும்பை என்று எழுதினார்கள். சின்னப்பிள்ளை அம்மாவை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த அம்மா இறங்கிவந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என் மக பேரு இனிமே அழியாதாம்ல தாயி? நெசமாவா?" என்று கேட்டது.

"நெசந்தான்மா" என்றேன். அதுவும் உண்மை. அச்சில் ஏறிய பெயர் உலகம் உள்ளவரை நிற்கும். எங்கள் வீட்டுத்தெருவில் நிலைமையே வேறு. ஏதோ சொல்லிக்கிட்டிருந்தியே, உன் மக பேரு போகுதுன்னு, என்று ஒவ்வொருவராக அம்மாவைக் கேட்டார்கள். குருக்கள் பழைய அளவில் பூ கொடுத்தார்.

அந்தப் பெயரை எடுக்க ஒரே வழிதான் இருக்கிறது. அது புதுச் செடி இல்லை, பழைய தும்பைதான் என்று காட்ட வேண்டும். காட்ட என்னிடம் கண்மாய்க்கரைச் செடி மூட்டை இருந்தது. சாரிடம் மெதுவாக, நடுவில் ஆட்கள் இருந்தால் இது தும்பையாகக்கூட இருக்கலாமே சார் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த மனிதர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "செத்த புள்ளை பேர்ல கை வைக்காதம்மா" என்றார். வேறு எங்காவது அனுப்பினால், எங்கே எடுத்தாய் என்பார்கள், கண்மாய்க்கரையில் ஒரு செடியும் இல்லையே என்பார்கள், லேபிளில் தேதியைப் பார்த்து, அப்போதே தெரிந்திருந்தும் கட்டுரையில் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்பார்கள். பொறாமையில் பேசுகிறாள் என்று தள்ளிவிடுவார்கள்.

போன வாரம் டவுன் பஸ்ஸில் வரும்போது அது பளிச்சென்று தோன்றியது. கொலை வழக்கென்றால் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் அந்தச் செடிகளைப் பார்த்தே ஆக வேண்டும். கோர்ட்டே நிபுணர்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லும், அவர்கள் சொல்வது தீர்ப்பில் ஏறும், பேப்பரில் வரும், சாரே வாயைத் திறக்க முடியாது. எவ்வளவு சுலபம். நான் அங்கேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், கண்டக்டர் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். அன்றிலிருந்து அதே பழைய கிறுகிறுப்பு, கால் தரையில் படவில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். மருதாயியைத் திட்டமிட்டு, நல்ல நினைவோடு, நான்தான் கொன்றேன். எந்தக் கொடி, எங்கே எடுத்தேன் என்பதையெல்லாம் மாஜிஸ்ட்ரேட்டிடம் வாயால் சொல்கிறேன். நான் கொண்டுவந்து உங்கள் மேசைமேல் வைத்திருக்கும் அட்டைக்கட்டில் குடுமியான்மலைச் செடிகள் மொத்தமும் இருக்கின்றன. ஈரம் படாமல் வையுங்கள், நாலைந்து பாச்சை உருண்டை போடச் சொல்லுங்கள். பூக்கிண்ணத்தின் வாயை மட்டும் லென்ஸ் வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் உங்களுக்கே புரியும்.

குற்றவுணர்ச்சி தாங்காமல் வந்தாயா என்று ஏட்டு கேட்டார். ஆமாம் என்று எழுதிக்கொள்ளுங்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். தூக்கோ ஆயுளோ, எதைக் கொடுத்தாலும் சரி, முதலில் அந்தத் தும்பையிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். மற்றபடி மருதாயி மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.